சுருள், ஏடு, அச்சு: வேதாகமப் பிரதிகள் பற்றி வாசகர் கேள்வி - பதில்

வேதாகமத்தின் பழைய பிரதிகளையும் மொழிபெயர்ப்புகளையும் பற்றி வாசகர்கள் கேள்வி அனுப்பலாம் என்று அறிவித்திருந்தோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்துவிட்டோம். எந்தச் சபை சரி என்று தீர்ப்புக் கேட்டு வந்த கடிதங்களை மட்டும் ஒதுக்கி வைத்திருக்கிறோம். அது நம் வேலை இல்லை.

கேள்வி (சோழவந்தான் வாசகர்): துக்க வீட்டு ஜெபத்தில் எங்கள் சி.எஸ்.ஐ. ஐயர் "23-ஆம் சங்கீதம்" என்றார். ஆர்.சி. சம்பந்தி தன் பழைய ஜெபப் புத்தகத்தில் 23-ஐப் புரட்டினால் வேறு பாடல் வருகிறது. மேய்ப்பர் பாடல் 22-இல் இருக்கிறது. அச்சுப் பிழையா?

பதில்: பிழை இல்லை. இரண்டு எண்ணும் ஈராயிரம் ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளவை. ஒன்று எபிரெய மூலத்தின் வரிசை, மற்றது பழைய கிரேக்க மொழிபெயர்ப்பின் வரிசை. கிரேக்க வரிசையை வுல்காத்தா என்ற லத்தீன் மொழிபெயர்ப்பு எடுத்துக்கொண்டது. வுல்காத்தாவைப் பின்பற்றிய பழைய ஆர்.சி. புத்தகங்களுக்கும் அதுவே வந்தது. சம்பந்தி புரட்டிய 23, உங்கள் புத்தகத்தில் 24: "பூமியும் அதின் நிறைவும்".

மாற்றிக்கொள்ள ஒரு கணக்கு இருக்கிறது. இடப்பக்கம் உங்கள் (எபிரெய) எண், வலப்பக்கம் பழைய ஆர்.சி. எண்:

1–8: மாற்றம் இல்லை
9, 10: இரண்டும் சேர்ந்து 9
11–113: ஒன்று கழிக்க (10–112)
114, 115: இரண்டும் சேர்ந்து 113
116: இரண்டாகப் பிரியும், 1–9 வசனங்கள் 114, 10–19 வசனங்கள் 115
117–146: ஒன்று கழிக்க (116–145)
147: இரண்டாகப் பிரியும், 1–11 வசனங்கள் 146, 12–20 வசனங்கள் 147
148–150: மாற்றம் இல்லை

இரண்டு இடத்தில் சேர்த்து, இரண்டு இடத்தில் பிரித்ததால் மொத்தம் இரண்டிலும் 150 என்றே நிற்கிறது. எது மூல அமைப்பு என்று கேட்டால், 9-ஆம் பாடலைப் பொறுத்தவரை கிரேக்கம் பக்கம்தான் ஞாயம் இருக்கிறது. எபிரெயத்தில் 9-ஆம் பாடலின் பகுதிகள் அகரவரிசைப்படி தொடங்குகின்றன. அந்த வரிசை அங்கேயே முடியாமல், நடுவில் சற்றுச் சிதைந்து, 10-ஆம் பாடலின் கடைசியில் போய் முடிகிறது. 10-க்குத் தலைப்பும் கிடையாது. ஒரே பாடலை வெட்டியிருக்கிறார்கள். 42, 43 இரண்டையும் பாருங்கள். "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்" என்ற பல்லவி 42:5, 42:11, 43:5 என மூன்று முறை வருகிறது. இதுவும் ஒரே பாட்டாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் எபிரெயமும் கிரேக்கமும் இதைப் பிரித்தே வைத்திருக்கின்றன.

கிரேக்கத்தில் 151-ஆவதாக ஒரு பாட்டும் உண்டு. "எண்ணுக்கு வெளியே" என்று அதன் தலைப்பிலேயே போட்டிருக்கிறார்கள். அதன் எபிரெய வடிவம் சாக்கடல் கரைக் கும்ரான் 11-ஆம் குகையில் கிடைத்த சங்கீதச் சுருளில் இருக்கிறது.

வசன எண்ணிலும் ஒரு சிக்கல் உண்டு. எபிரெயப் பதிப்புகள் பாடலின் தலைப்பையும் வசனமாக எண்ணும். 51-ஆம் பாடலில் "எனக்கு இரங்கும்" என்பது நமக்கு 1-ஆம் வசனம், அவர்களுக்கு 3-ஆம் வசனம். விளக்கவுரை ஏதாவது படிக்கும்போது எண் பொருந்தவில்லை என்றால் முதலில் இதைச் சரிபாருங்கள். இரு வீட்டாரும் கூடும் ஜெபத்தில் எண்ணோடு பாடலின் முதல் அடியையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் யாரும் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

கேள்வி (பசுமலை வாசகி): பிறந்த வீட்டு வேதாகமத்தில் 66 புத்தகம். புகுந்த வீட்டில் 73. நாங்கள் கூட்டிவிட்டோம் என்று அம்மா வீட்டாரும், நீங்கள் குறைத்துவிட்டீர்கள் என்று மாமியாரும் சொல்கிறார்கள். யார் சொல்வது சரி?

பதில்: முதலில் யூதர்களின் எண்ணைக் கேளுங்கள்: 24. அதில் இருப்பது உங்கள் அம்மா வீட்டுப் பழைய ஏற்பாட்டின் 39 புத்தகங்களேதான். சிறிய தீர்க்கதரிசிகள் பன்னிருவரையும் ஒரே புத்தகமாக எண்ணினால் 11 குறையும். சாமுவேல், இராஜாக்கள், நாளாகமம் மூன்றையும் முதல், இரண்டாம் என்று பிரிக்காவிட்டால் 3 குறையும். எஸ்றாவும் நெகேமியாவும் ஒன்றானால் இன்னும் 1. ஆக 24.

கூடுதலான ஏழு: தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு. எஸ்தர், தானியேல் புத்தகங்களில் கூடுதல் பகுதிகளும் உண்டு. எகிப்திலும் மத்தியதரைக் கடலோர நகரங்களிலும் கிரேக்கம் பேசி வாழ்ந்த யூதர்கள் இவற்றைப் படித்தார்கள். ஆதித் திருச்சபைக்குக் கிடைத்த பழைய ஏற்பாடு அந்தக் கிரேக்கப் பழைய ஏற்பாடுதான். ஆகவே இவை பின்னாளில் யாரோ எழுதிச் செருகியவை அல்ல.

சீராக் நூலின் முன்னுரையைப் படித்துப் பாருங்கள். மொழிபெயர்த்தவர் நூலாசிரியரின் பேரன். எவர்கெத்தேஸ் அரசரின் 38-ஆம் ஆண்டில், அதாவது கி.மு. 132-இல், எகிப்துக்கு வந்ததாகச் சொல்கிறார். எபிரெயத்தில் சொன்னதை வேறு மொழியில் சொல்லும்போது அதே வலு இருப்பதில்லை என்று வாசகரிடம் பொறுத்துக்கொள்ளவும் கேட்கிறார். நியாயப்பிரமாணமும் தீர்க்கதரிசனங்களும்கூட அப்படித்தான் என்கிறார். தன் வேலையைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாகப் பேசிய மொழிபெயர்ப்பாளர் அந்தக் காலத்தில் அரிது. அந்த எபிரெய மூலம் தொலைந்தது என்றே நெடுநாள் கருதினார்கள். கெய்ரோ தொழுகைக்கூடத்துப் பழந்தாள் அறையிலிருந்து வந்த ஓர் ஏட்டில் 1896-இல் அது அடையாளம் காணப்பட்டது. 1960-களில் மசாதா கோட்டை அகழாய்வில் இன்னும் பழைய துண்டு ஒன்று கிடைத்தது. தோபித்துக்கும் கும்ரானில் அரமேய, எபிரெயத் துண்டுகள் இருக்கின்றன.

லத்தீனுக்கு மொழிபெயர்த்த ஜெரோம் எபிரெயத்தில் உள்ளவற்றையே திருமுறையாக (அதிகாரமுள்ள வேத நூல்களாக) மதித்தார். ஆனாலும் மற்றவை லத்தீன் வேதாகமத்தில் தொடர்ந்தன. லூத்தர் 1534 ஜெர்மன் வேதாகமத்தில் அவற்றைத் தூக்கி எறியவில்லை, பழைய ஏற்பாட்டின் முடிவில் தனிப் பகுதியாக வைத்தார். கத்தோலிக்க சபையின் திரெந்து சங்கம் 1546-இல் அவை திருமுறையே என்று அறுதியிட்டது. பிறகுதான் சீர்திருத்தச் சபைப் பதிப்புகளில் அந்தத் தனிப் பகுதியும் மெல்ல மெல்ல விடுபட்டது. எனவே "கூட்டினார்கள்" என்பதும் சரியில்லை, "கிழித்தார்கள்" என்பதும் சரியில்லை. 1995-இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பைப் பாருங்கள். இவை "இணைத் திருமுறை" என்ற தலைப்பில் சேர்ந்தாற்போல் இருக்கும். இரு வீட்டுக்கும் அந்த ஒரே புத்தகம் போதும்.

கேள்வி (மதுரை கல்லூரி மாணவர்): எழுபது பேர் பழைய ஏற்பாட்டைத் தனித்தனி அறையில் கிரேக்கத்துக்கு மொழிபெயர்த்தும் ஒரு சொல்கூட மாறவில்லை என்கிறார்களே?

பதில்: பழைய கதையில் தனி அறை கிடையாது. "அரிஸ்தேயாவின் கடிதம்" எனப்படும் கிரேக்க நூல் என்ன சொல்கிறது? இரண்டாம் தாலமி மன்னரின் நூலகத்துக்காகக் கோத்திரத்துக்கு ஆறு பேராக 72 பேர் எருசலேமிலிருந்து அலெக்சாந்திரியா வந்தார்கள். ஒன்றாக உட்கார்ந்து ஒப்பிட்டு, 72 நாளில் முடித்தார்கள். தனித்தனியாக எழுதியும் ஒன்றுபோல் வந்தது என்பது பின்வந்தவர்கள் சேர்த்த அற்புதம். மேலும் அந்தக் கடிதம் பேசுவது மோசேயின் ஐந்து நூல்களைப் பற்றி மட்டுமே. அவை கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் கிரேக்கத்துக்கு வந்தன என்பதை ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள். மற்றவை அடுத்த இரு நூற்றாண்டுகளில் வேறு வேறு கைகளால் பெயர்க்கப்பட்டன. நடை புத்தகத்துக்குப் புத்தகம் மாறுவதே அதற்குச் சாட்சி.

கேள்வி (மேலூர் வாசகர்): புதிய மொழிபெயர்ப்புகளில் மத்தேயு 17:21 இல்லை, வேண்டுமென்றே நீக்கிவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. என் புத்தகத்தில் பார்த்தேன், 20-க்குப் பிறகு 22 வருகிறது! விளக்கம் தேவை.

பதில்: இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் அனுப்பியிருக்கிறார்கள். பொறுமையாகப் பார்ப்போம்.

வசன எண்கள் மூலத்தில் இல்லை. அதிகாரப் பிரிவு 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் செய்தது. புதிய ஏற்பாட்டுக்கு நாம் இன்று பயன்படுத்தும் வசன எண்களை ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகக்காரர் 1551-இல் போட்டார். அவர் எண் போட்டது அன்று அச்சில் இருந்த கிரேக்கப் பாடத்துக்கு (மூல வாசகத்துக்கு). பின்னாளில் அதைவிடப் பழைய பிரதிகள் கிடைத்து, ஒரு வரி பின்சேர்க்கை என்று தெரிந்தால் வரியை எடுக்கலாம், எண்ணை எடுக்க முடியாது. எடுத்தால் உலகம் முழுவதும் உள்ள மேற்கோள்கள் குழம்பிவிடும். அதனால்தான் 20-க்கு அடுத்து 22.

சரி, ஏன் எடுத்தார்கள்? "இந்த ஜாதிப் பிசாசு ஜெபத்தினாலும் உபவாசத்தினாலுமேயன்றி" என்ற அந்த வரி, 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வாத்திக்கானுஸ் ஏட்டில் இல்லை. சினாயித்திக்குஸ் ஏட்டில் முதலில் எழுதியவர் எழுதவில்லை, பிற்காலத் திருத்துநர் ஒருவர் சேர்த்திருக்கிறார். இதே நிகழ்ச்சி மாற்கு 9:29-இல் வருகிறது, அங்கே இந்த வாக்கியம் உண்டு. மாற்குவை மனப்பாடமாக அறிந்த ஒருவர் மத்தேயுவை நகலெடுக்கும்போது அங்கே உள்ளதை இங்கேயும் எழுதிவிடுவது மிகச் சாதாரணமாக நடப்பது. மாற்கு 9:29-இலும் இந்த இரு ஏடுகளின் முதல் கையில் "ஜெபம்" மட்டுமே இருக்கிறது, "உபவாசம்" இல்லை. ஆகவே யாரும் உபதேசத்தை ஒளிக்கவில்லை. "ஜெபம்" மாற்குவில் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

மற்ற வெற்று எண்களுக்கும் இப்படிக் காரணம் சொல்லலாம். மாற்கு 9:44, 46 இரண்டும் 48-ஆம் வசனத்தின் மறுபதிவு. யோவான் 5:4, தேவதூதன் குளத்தைக் கலக்குவது, 7-ஆம் வசனத்தைப் புரியவைக்க ஓரத்தில் எழுதிய குறிப்பு உள்ளே வந்ததாகத் தெரிகிறது. அப்போஸ்தலர் 8:37, எத்தியோப்பிய மந்திரியின் அறிக்கை, கொஞ்சம் வேறுபட்டது. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே சபைத் தந்தை இரேனேயு அதை அறிந்திருக்கிறார். ஆனால் மிகப் பழைய கிரேக்க ஏடுகளில் இல்லை. எராஸ்முஸ் தம் கையில் இருந்த ஒரு பிரதியின் ஓரத்தில் பார்த்து, நகலெடுத்தவர் கவனக்குறைவால் விட்டிருப்பார் என்று கருதிச் சேர்த்தார்.

இந்த எராஸ்முஸ்தான் 1516-இல் பாசல் நகரில் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை முதலில் அச்சிட்டு வெளியிட்டவர். அவசர வேலை. வெளிப்படுத்தின விசேஷத்துக்கு அவரிடம் ஒரே ஒரு கையெழுத்துப் பிரதி, அதிலும் கடைசித் தாள் இல்லை. இறுதி ஆறு வசனங்களை லத்தீனிலிருந்து தாமே கிரேக்கத்துக்குப் பெயர்த்துப் போட்டார்! 1 யோவான் 5:7-இல் பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்று வரும் சாட்சியம் அவருடைய 1516, 1519 பதிப்புகளில் இல்லை. எதிர்ப்பு வந்தது. அந்த வரி உள்ள ஒரு கிரேக்கப் பிரதியையும் காட்டினார்கள், அது அந்தக் காலத்திலேயே எழுதப்பட்டது. 1522 பதிப்பில் சேர்த்தார். அங்கிருந்து எஸ்தியேன், பெசா ஆகியோரின் கிரேக்கப் பதிப்புகள், 1611 ஆங்கில வேதாகமம் என்று அது வழிவழியாக வந்தது. 1871-இல் வந்த நம் ஐக்கிய மொழிபெயர்ப்பும் இந்த அச்சு மரபைச் சேர்ந்ததே. பழைய ஏடுகளை முதன்மையாக வைத்து வெஸ்ட்காட்டும் ஹார்ட்டும் கிரேக்கப் பாடத்தை வெளியிட்டது 1881-இல். பத்தாண்டு முந்திய தமிழ் மொழிபெயர்ப்பை அதற்காகக் குறை சொல்ல முடியாது.

"பெரும்பாலான பிரதிகளில் இருக்கிறதே" என்ற வாதமும் அந்தச் செய்தியில் இருக்கும். பிழையான ஒரு பிரதியிலிருந்து நூறு நகல் எடுத்தாலும் சாட்சி ஒன்றுதான். எண்ணிக்கையைப் பார்க்கக் கூடாது, எதிலிருந்து எது பிறந்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

பெரிய பகுதிகள் இரண்டையும் சொல்லிவிடுகிறோம். மாற்கு 16:9–20 மேற்சொன்ன இரு ஏடுகளிலும் இல்லை, 16:8-இல் நின்றுவிடுகிறது. வாத்திக்கானுஸில் அதன் பிறகு ஒரு பத்தி முழுக்க வெறுமையாக விட்டிருக்கிறது. எழுதியவருக்கு இன்னொரு முடிவும் தெரிந்திருக்கலாம். விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் நிகழ்ச்சி (யோவான் 7:53–8:11) பழைய ஏடுகளில் இல்லை, சில பிரதிகளில் லூக்கா 21-இன் இறுதியில் இருக்கிறது. இடம் தேடி அலைந்த பகுதி அது. ஆனாலும் எந்த நல்ல பதிப்பும் இவ்விரண்டையும் நீக்கிவிடுவதில்லை. அடைப்புக்குறிக்குள் வைத்து அடியில் குறிப்புப் போடுகிறார்கள்.

நீங்களே சரிபார்க்க வேண்டுமா? சினாயித்திக்குஸ் ஏடு முழுவதும் 2009 முதல் இணையத்தில் படமாக இருக்கிறது. மத்தேயு 17-ஐத் திறந்தால் பக்கத்துக்கு நான்கு பத்தியாகக் கிரேக்க எழுத்து தெரியும். பக்கத்திலேயே தட்டெழுத்து வடிவமும் தருகிறார்கள், எந்தத் திருத்தம் எந்தக் கை என்ற குறிப்போடு. கிரேக்கம் தெரியாவிட்டாலும் ஓரத்தில் சேர்த்ததைக் கண்ணால் பார்க்கலாம்.

கேள்வி (கருமாத்தூர் வாசகர்): கோலியாத்தின் உயரம் எவ்வளவு?

பதில்: எபிரெய மரபுப் பாடத்தில் ஆறு முழம் ஒரு சாண். முழம் 45 செ.மீ. என்று கொண்டால் ஏறத்தாழ 2.9 மீட்டர். கும்ரான் 4-ஆம் குகைச் சாமுவேல் சுருளிலும், பழைய கிரேக்கப் பிரதிகளிலும், யூத வரலாற்றாசிரியர் யோசேப்புஸின் நூலிலும் நான்கு முழம் ஒரு சாண், ஏறத்தாழ 2 மீட்டர். பழைய சாட்சிகள் மூன்று ஒத்துப்போவதால் நான்கே முந்தியது என்பது பலரின் முடிவு. கதை வளரும்போது ஆள் வளர்வான், குறைய மாட்டான்.

கேள்வி (மதுரை, டி.டி.பி. வேலை செய்பவர்): நாங்கள் கணினியில் தட்டும்போதே எவ்வளவோ பிழை வருகிறது. கையால் எழுதியவர்களுக்கு என்னென்ன பிழை வந்தது? அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பதில்: பழைய எபிரெயச் சுருளில் உயிர்க்குறி கிடையாது. பழைய கிரேக்க ஏட்டில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. புள்ளி வைக்காத, எகர ஏகாரம் பிரிக்காத நம் ஓலைச்சுவடியைப் படித்தவர்களுக்கு இது எவ்வளவு பாடு என்று சொல்ல வேண்டியதில்லை. பிழைகள் உங்களுக்குப் பழக்கமானவைதான்.

கண் தாவுவது முதல் வகை. ஒரே சொல் இரண்டு இடத்தில் வந்தால், முதல் இடத்தில் எழுதிவிட்டு நிமிர்ந்து மறுபடி பார்க்கும்போது கண் இரண்டாம் இடத்துக்குப் போய்விடும். நடுவில் உள்ளது போச்சு. 1 சாமுவேல் 14:41 நல்ல உதாரணம். எபிரெயத்தில் சவுலின் ஜெபம் மொட்டையாக இருக்கிறது. கிரேக்கத்தில் முழுதாக வருகிறது: குற்றம் என்னிடமோ யோனத்தானிடமோ இருந்தால் ஊரீம் விழட்டும், மக்களிடம் இருந்தால் தும்மீம் விழட்டும் என்று (இரண்டும் தெய்வ சித்தம் அறியப் போட்ட சீட்டுகள்). "இஸ்ரவேல்" என்ற சொல்லிலிருந்து இன்னொரு "இஸ்ரவேல்" வரை எபிரெயத்தில் விடுபட்டிருக்கிறது. சீட்டுப் போட்ட முறையே இந்த ஒரு வாக்கியத்தில்தான் தெரிகிறது.

இரண்டாவது, உருவ ஒற்றுமை. எபிரெய எழுத்துகளில் தாலேத்தும் ரேஷும் மூலையில் ஒரு சிறு கொம்பால் மட்டுமே வேறுபடும். ஆதியாகமம் 10:4-இல் "தோதானீம்" என்ற அதே இனம் 1 நாளாகமம் 1:7-இன் எபிரெயத்தில் "ரோதானீம்". ரோது தீவார் என்று பார்த்தால் இரண்டாவதே பொருந்துகிறது.

மூன்றாவது, இரண்டு முறை எழுதுவது. எசேக்கியேல் 48:16-இல் "ஐந்து" என்ற சொல் தவறாக இருமுறை விழுந்திருக்கிறது. எபிரெயப் பாடத்துக்கு உயிர்க்குறியும் ஓரக்குறிப்பும் போட்ட திபேரியா நகர மசோரா அறிஞர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அடிக்கவில்லை. அதற்கு உயிர்க்குறி போடாமல் விட்டு, "எழுதப்பட்டது, படிக்கக் கூடாது" என்று ஓரத்தில் குறித்தார்கள். கைக்கு வந்ததைத் தொடாமல் தன் கருத்தை ஓரத்தில் சொல்வது! இன்றைக்குப் பதிப்பாசிரியர்கள் பலர் கற்க வேண்டிய ஒழுக்கம்.

நான்காவது காது. கிரேக்கத்தில் ஒகரமும் ஓகாரமும் பிற்காலத்தில் ஒரே ஒலியாகிவிட்டன. ரோமர் 5:1-இல் ஓர் எழுத்து மாறினால் "சமாதானம் பெற்றிருக்கிறோம்" என்பது "பெற்றிருப்போமாக" ஆகிவிடும். இரண்டு வடிவமும் பழைய ஏடுகளில் உண்டு. சினாயித்திக்குஸிலும் வாத்திக்கானுஸிலும் முதல் கை ஒன்று எழுத, திருத்துநர் மற்றொன்றாக மாற்றியிருக்கிறார்.

கண்டுபிடிக்கும் வழி: ஒரே இடத்தை எல்லாச் சாட்சிகளிலும் வரிக்கு வரி வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு, எதிலிருந்து மற்றது பிறந்திருக்க முடியும் என்று கேட்க வேண்டும். கடினமான, கரடுமுரடான பாடம் பெரும்பாலும் பழையது, ஏனென்றால் எழுதுபவர் எளிதாக்குவார், சிக்கலாக்க மாட்டார். ஆனால் இது கண்ணை மூடிக்கொண்டு போடும் விதி அல்ல. வெறும் எழுத்துப் பிழையும் "கடினமாக"த்தான் இருக்கும்.

தொழுகைக்கூடத் தோராச் சுருளுக்கு யூதர்கள் வைத்த கட்டுப்பாடு தனி. மனப்பாடத்திலிருந்து எழுதக் கூடாது, முன்பிரதியைப் பார்த்தே எழுத வேண்டும். ஓர் எழுத்து அடுத்ததைத் தொடக் கூடாது. இறைவனின் பெயரில் பிழை விழுந்தால் சுரண்டி அழிக்க முடியாது, அந்தத் தோலையே விலக்க வேண்டும். முழுச் சுருளில் 3,04,805 எழுத்து. ஒன்று குறைந்தாலும் திருத்தும் வரை வாசிப்புக்கு எடுக்க மாட்டார்கள்.

இந்தக் கட்டுப்பாடு பலன் தந்ததா என்பதற்கு 1947-க்குப் பிறகுதான் சோதனை கிடைத்தது. அதுவரை எபிரெயத்தில் முழுமையாகக் கிடைத்த மிகப் பழைய ஏடு 1008-இல் எழுதிய லெனின்கிராத் ஏடு. அதைவிடப் பழைய அலெப்போ ஏடு (ஏறத்தாழ 930) இப்போது பல தாள்கள் இழந்து நிற்கிறது. சாக்கடல் கரையில் கும்ரான் குகையில் கிடைத்த ஏசாயாச் சுருள் அதற்கும் ஆயிரம் ஆண்டு முந்தியது: 17 தோல் தைத்து, 54 பத்தி, 7.34 மீட்டர். எழுத்துக்கூட்டல் வேறுபாடுகள் ஏராளம், ஆனால் நூல் அதே நூல். பொருள் மாறும் இடம் சில உண்டு. ஏசாயா 53:11-இல் "ஒளியைக் காண்பார்" என்று அந்தச் சுருளில் "ஒளி" கூடுதலாக இருக்கிறது, கிரேக்கத்திலும் இருக்கிறது.

எல்லாப் புத்தகமும் இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கிரேக்க எரேமியா எபிரெய எரேமியாவைவிட எட்டில் ஒரு பங்கு சிறியது, அதிகார வரிசையும் வேறு. மொழிபெயர்ப்பாளர் சுருக்கிவிட்டார் என்றே நினைத்திருந்தார்கள். கும்ரானில் அந்தச் சிறிய வடிவமே எபிரெயத்தில் கிடைத்தது. இரண்டு வடிவமும் ஒரே காலத்தில் அங்கே படிக்கப்பட்டிருக்கின்றன. 145-ஆம் சங்கீதம் அகரவரிசைப் பாட்டு, எபிரெய மரபில் "நூன்" எழுத்துக்குரிய வரி இல்லை. கிரேக்கத்தில் இருந்தது, கும்ரானிலும் வந்தது.

கேள்வி (கம்பம் வாசகர்): குமுளி தாண்டினால் சுரியானிக் கிறிஸ்தவர்கள். அவர்களின் பழைய வேதாகமத்தில் வெளிப்படுத்தின விசேஷமே இல்லை என்கிறார்களே?

பதில்: உண்மைதான். பெஷித்தா என்ற சுரியானி மொழிபெயர்ப்பின் பழைய வடிவத்தில் புதிய ஏற்பாடு 22 நூல்களே. 2 பேதுரு, 2, 3 யோவான், யூதா, வெளிப்படுத்தின விசேஷம் ஐந்தும் கிடையாது. கீழைச் சபைகள் அவற்றை ஏற்கத் தயங்கிய காலத்தில் உருவான தொகுப்பு அது. அதற்கும் முன்னால் சுரியானிச் சபைகள் படித்தது, நான்கு நற்செய்திகளையும் ஒரே கதையாகத் தாத்தியான் பின்னிய தொகுப்பு, 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 5-ஆம் நூற்றாண்டில் தெயோதரேத்து ஆயர் தம் பகுதியில் அதன் 200-க்கு மேற்பட்ட பிரதிகளைச் சேகரித்து விலக்கி, தனித்தனி நற்செய்திகளை வைத்தார். இன்று அதன் சுரியானி மூலம் முழுதாகக் கிடைப்பதில்லை.

மலையாளக் கரையில் 1599-இல் போர்ச்சுகீசியர் கூட்டிய உதயம்பேரூர் சங்கம், சுரியானிப் பிரதிகளில் இல்லாதவற்றை வுல்காத்தாவைப் பார்த்துச் சேர்க்கும்படி ஆணையிட்டது. பழைய பிரதிகள் பல அப்போது போயின. தப்பியவற்றில் ஒரு முழு வேதாகமத்தை 1806-இல் கிளாடியஸ் புக்கானன் பெற்றுக்கொண்டு போனார். இப்போது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது.

கேள்வி (திண்டுக்கல் வாசகர்): 1606-லேயே இயேசு சபைக் குரு நோபிலி மதுரைக்கு வந்துவிட்டார். அவ்வளவு தமிழ் தெரிந்தவர் ஏன் வேதாகமத்தைப் பெயர்க்கவில்லை?

பதில்: தமிழ் போதாமல் அல்ல, அவர் சபையின் அன்றைய ஒழுங்கு அப்படி. திரெந்து சங்கம் 1546-இல் வுல்காத்தாவை அதிகாரப் பாடமாக்கியது. 1564 விதிகளின்படி நாட்டு மொழியில் வேதாகமம் படிக்கவே எழுத்து அனுமதி வேண்டும். ஆகவே மறைக்கல்வி நூல்களும் விவாத நூல்களும் எழுதினார். தரங்கம்பாடியில் 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்கு லூத்தரன். அவருக்கு வேதாகமமே முதல் வேலை. 1708-இல் தொடங்கி, புதிய ஏற்பாட்டை 1715-இல் அச்சில் முடித்தார். ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்து அளவில் பெரிது, காகிதம் தின்றது. தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்து வார்க்க வேண்டியதாயிற்று.

கேள்வி (உசிலம்பட்டி வாசகி): பாட்டனார் காலத்துத் தமிழ் வேதாகமம் ஒன்று பரணில் இருக்கிறது. முகப்புத் தாள் இல்லை. எந்தப் பதிப்பு என்று எப்படி அறிவது? தாள் தொட்டால் ஒடிகிறது.

பதில்: முகப்பு இல்லாவிட்டாலும் புதிய ஏற்பாட்டுக்குத் தனி முகப்பு இருக்கும், நடுவில் பாருங்கள். அங்கே ஆண்டும் அச்சகமும் கிடைக்கலாம். இல்லையென்றால் ஆதியாகமம் 1:1. "ஆதியிலே பராபரன்" என்று இருந்தால் 1871-க்கு முந்திய மொழிபெயர்ப்பு வழி, பெரும்பாலும் பெப்ரீசியுஸ் என்ற லூத்தரன் மிஷனரி பெயர்த்தது. "ஆதியிலே தேவன்" என்றால் பெரும்பாலும் ஐக்கிய மொழிபெயர்ப்பு. கவனம்: இது மொழிபெயர்ப்பின் வயது, உங்கள் புத்தகத்தின் வயது அல்ல. லூத்தரன் சபையார் பெப்ரீசியுஸை 1871-க்குப் பிறகும் அச்சிட்டுப் படித்தார்கள்.

தாள் ஒடிவது மரக்கூழ்க் காகிதத்தில் உள்ள அமிலத்தால். அதைத் திரும்ப வளைய வைக்க வீட்டில் வழியில்லை, மேலும் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம். பரணிலிருந்து முதலில் இறக்குங்கள். ஓட்டுச் சூடும் மழைக்கால ஈரமும் மாறி மாறி அடிக்கும் இடத்தைவிடத் தாளுக்குக் கெடுதல் வேறில்லை. செலோடேப் ஒட்டாதீர்கள், பசை மஞ்சளாகி எழுத்தை உரித்துக்கொண்டு வரும். லேமினேஷன் கூடவே கூடாது, பிறகு பிரிக்க முடியாது. பூச்சிக்காக வெயிலில் காயப் போட்டால் தாள் இன்னும் மொரமொரப்பாகும். நிழலில், காற்றாட, மென்மையான தூரிகையால் தாளின் உள்விளிம்பிலிருந்து வெளியே தூசியைத் தள்ளுங்கள். ராமபாணப் பூச்சி அட்டையின் பசைக்குத்தான் வரும், ஆகவே முதுகுப் பகுதியை நன்றாகப் பாருங்கள். அமிலமற்ற தாளில் சுற்றி, ரப்பர் பேண்டு போடாமல் பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டி, படுக்க வைத்து அலமாரியின் நடுத்தட்டில் வையுங்கள்.

கட்டுவதற்கு முன் உள்ளட்டையையும் பழைய, புதிய ஏற்பாடுகளுக்கு நடுவே உள்ள வெற்றுத் தாள்களையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறப்பு, ஞானஸ்நானம், கலியாணத் தேதிகளை அங்கேதான் எழுதிவைப்பார்கள், மை முதலில் மங்குவதும் அங்கேதான். புத்தகத்தைக் கொடுத்துவிட எண்ணம் இருந்தால் அரசரடி இறையியல் கல்லூரி நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் பழைய தமிழ் அச்சு நூல்களைப் பாதுகாக்கிறது. எங்கே கொடுத்தாலும் கிழிந்த தாளையும் சேர்த்துக் கொடுங்கள், ஒட்ட வேண்டாம்.